நாட்டின் தலைவருக்கு ஒரு பாட்டு மனு

வேந்தன் கேட்க விரும்பாத அறத்தை அவன் செவியில் எடுத்துரைப்பதைச் ‘செவியறிவுறூஉ’ என்று ஒரு தனித் துறையாகவே வகுத்து வைத்தவர்கள் நம் இலக்கண நூலார். அத்தகைய பாடல் எந்நாட்டில் எம்மொழியில் எழுந்தாலும் அதனை அறிந்துகொள்ளும் ஆவல் நமக்கு உண்டாவது இயல்பே. வட ஆப்பிரிக்காவில் மத்தியதரைக் கடலோரம் அமைந்த துனிசியாவில், 2010ஆம் ஆண்டின் இறுதியில், இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் பாடிய பாடலின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

துனிசியா 1881 முதல் பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தில் இருந்து, 1956இல் விடுதலை பெற்றது. விடுதலைத் தலைவராகிய ஹபீப் பூர்கிபா முப்பது ஆண்டுகள் ஆண்டார். 1987 நவம்பர் 7ஆம் நாள் அவரை அகற்றிவிட்டு, பிரதமராக இருந்த பென் அலி ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த இருபத்து மூன்று ஆண்டுகளில் கடற்கரை நகரங்களில் உல்லாச விடுதிகள் பெருகின; உள்நாட்டுப் பகுதிகளிலோ பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலையின்றித் திரிந்தனர். ஆட்சியாளரின் உறவினர் வாணிகத்தையெல்லாம் வளைத்துக்கொண்டனர். 2008இல் காஃப்சா மாவட்டத்துப் பாஸ்பேட் சுரங்க ஊர்களில், வேலை வழங்குவதில் முறைகேடு நடந்ததென்று மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, அக்கிளர்ச்சி அடக்குமுறையால் ஒடுக்கப்பட்டது. குறைகள் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் வாய்விட்டுச் சொல்வார் எவருமிலர்.

இச்சூழலில்தான் ‘ராப்’ எனப்படும் சொல்லிசை அங்கு வேர்கொண்டது. தாளத்தின் மீது எதுகையும் இயைபும் பொருந்தப் பேச்சு நடையில் விரைந்து சொல்லிச் செல்லும் முறை இது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில் 1973இல் ஏழைக் கறுப்பின மக்களின் தெருக்களில் தோன்றிய ஹிப் ஹாப் கலையின் ஓர் உறுப்பு. அங்கிருந்து பிரான்சின் புறநகர்களில் குடியேறியிருந்த வட ஆப்பிரிக்க இளைஞர்களை எட்டி, அவர்கள் வழியே மத்தியதரைக் கடலின் தென்கரைக்கும் வந்து சேர்ந்தது. பெரிய இசைக்குழு வேண்டா. நெடுநாள் பயிற்சி வேண்டா. சொல்லும், சொல்லத் துணிவும் இருந்தால் போதும் என்பதே இக்கலையின் எளிமையாகும்.

ஸ்ஃபாக்ஸ் நகரம் துனிசியாவின் இரண்டாவது பெருநகரம். அந்நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ஹமாதா பென் அமோர். ‘எல் ஜெனரால்’, அதாவது ‘தளபதி’, என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். அவருக்கு மேடை கிடைக்கவில்லை. வானொலி இடம் தரவில்லை. இசைத்தட்டு வெளியிடவும் வழியில்லை. ஆகவே நண்பர் துணையுடன் தாமே ஒலிப்பதிவும் படப்பிடிப்பும் செய்துகொண்டார். இவ்வாறு உருவானதே ‘ரயீஸ் லெப்லெட்’ என்னும் பாடல். ‘நாட்டின் தலைவர்’ என்பது அதன் பொருள். பென் அலி பதவிக்கு வந்த அதே நவம்பர் 7ஆம் நாளில், 2010ஆம் ஆண்டு, அதனை முகநூலில் வெளியிட்டார்.

அப்பாடலின் அமைப்பு உற்று நோக்கத்தக்கது. புரட்சிக்கு அழைக்கும் போர்முழக்கம் அன்று அது. நாட்டின் தலைவரை நேரே விளித்து, வறுமையையும் காவலரின் கொடுமையையும் ஊழலையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைக்கின்றது. படத்தின் தொடக்கத்தில் பழைய செய்திப்படக் காட்சி ஒன்று வருகின்றது. பள்ளி ஒன்றைப் பார்வையிடும் பென் அலி, அஞ்சி நிற்கும் சிறுவனிடம், ஏன் கலங்குகிறாய், ஏதேனும் சொல்ல வேண்டுமா என்று பரிவோடு கேட்கின்றார். அச்சிறுவனால் சொல்ல முடியாத விடையைத்தான் பாடல் முழுவதும் சொல்கின்றது. அரசு அலுவலகங்களில் நாள்தோறும் மனுக்களைக் கையாளும் நம் போன்றோருக்கு இவ்வமைப்பு நன்கு விளங்கும். விளிப்பு உண்டு, குறைகளின் நிரல் உண்டு, மனுதாரரின் பெயரும் முகமும் உண்டு. மொழியோ ஏட்டு அரபி அன்று. தெருவிலும் அடுப்படியிலும் பேசும் துனிசிய வழக்கு. கேட்டவர் ஒவ்வொருவரும் அதனைத் தம் மனுவாகவே கொண்டமைக்கு இதுவே காரணம் எனலாம்.

பரவிய வழியும் விந்தையானது. படங்களைக் காணும் யூடியூப் முதலிய தளங்களை அரசு 2007 முதலே தடுத்து வைத்திருந்தது. முகநூலை 2008இல் சில நாட்கள் தடுத்துப் பின்னர் விட்டுவிட்டது. அந்த ஒரு வாயில் வழியே பாடல் வீடுதோறும் நுழைந்தது. அல் ஜசீரா தொலைக்காட்சி அதனை ஒலிபரப்பியது. பாடகரின் இணையப் பக்கம் மூடப்பட்டது. கைப்பேசி இணைப்பும் துண்டிக்கப்பட்டது.

டிசம்பர் 17ஆம் நாள், சீதி பூசித் என்னும் ஊரில், தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது பூவசீசி, அதிகாரிகள் தம் பொருளைப் பறித்ததோடு முறையீட்டையும் கேட்க மறுத்தமையால், அரசு அலுவலகத்தின் முன் தீக்குளித்தார். ஊர்கள் கொதித்தெழுந்தன. அந்நாட்களில் எல் ஜெனரால் ‘தூனிஸ் பிலாத்னா’ (துனிசியா எம் நாடு) என்ற இரண்டாம் பாடலை வெளியிட்டார். 2011 சனவரி 4ஆம் நாள் பூவசீசி இறந்தார். 6ஆம் நாள் விடியற்காலையில் காவலர் திரண்டு வந்து பாடகரைப் பிடித்துச் சென்றனர். அவரை விடுவிக்குமாறு குரல்கள் எழவே, இனி அரசியல் பாடல் பாடுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு மூன்று நாட்களில் விட்டனர். ஒரு பாட்டுக்கு அஞ்சி அரசு எழுத்து வாங்குகின்றது என்றால், அச்சம் இடம் மாறிவிட்டது என்றே பொருள். 12ஆம் நாள் ஸ்ஃபாக்ஸ் நகரமே பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியது. 14ஆம் நாள் பென் அலி சவுதி அரேபியாவுக்கு ஓடினார்.

ஒரு பாட்டால் ஓர் ஆட்சி வீழ்ந்தது என்று எழுதுவது மிகையாகும். வேலையற்றோரும் தொழிற்சங்கத்தாரும் வழக்கறிஞரும் தெருவில் நின்றனர். பலர் உயிர் ஈந்தனர். பாட்டு செய்தது வேறு பணி. எல்லோரும் தனித்தனியே அறிந்திருந்ததை எல்லோரும் சேர்ந்து அறிந்ததாக்கியது. துனிசியாவுக்கு இது புதிதும் அன்று. 1909இல் பிறந்து இருபத்தைந்து வயதில் மறைந்த கவிஞர் அபுல் காசிம் அஷ்ஷாபி, மக்கள் வாழ உறுதிகொண்டால் அடிமை இருள் நீங்கும் என்ற கருத்தில் பாடிய வரிகள் அந்நாட்டுப் பண்ணின் இறுதியில் அமைந்துள்ளன. கொடுங்கோல் அரசும் அப்பண்ணை விழாத்தோறும் இசைத்தே வந்தது. பொருளை மட்டும் மறந்திருந்தது.

மேடையே காணாதிருந்த எல் ஜெனரால் அம்மாத இறுதியில் தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். ‘டைம்’ இதழ் 2011ஆம் ஆண்டில் உலகில் செல்வாக்கு மிக்க நூறு பேருள் அவரையும் ஒருவராகக் குறித்தது. எனினும் வரலாறு அத்துடன் நிற்கவில்லை. 2013இல், காவலரைச் சாடிப் பாடிய வேறொரு சொல்லிசைஞருக்குத் துனிசிய நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் அது ஆறு மாத நிறுத்திவைத்த தண்டனையாகக் குறைந்தது. 2014இல் உரிமைகளை உறுதிசெய்யும் அரசியலமைப்பு பிறந்தது. 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு அந்நாட்டின் நான்கு பொது அமைப்புகளுக்குக் கிட்டியது. ஆனால் 2021 சூலை 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். பொய்ச் செய்தி பரப்புவோருக்கு ஐந்தாண்டு வரை சிறை என்னும் ஆணை 2022 செப்டம்பரில் வந்தது. எது பொய் என்று முடிவு செய்வதும் அரசே.

ஆகவே, ஆட்சியாளரை நேரே விளித்துக் குறை சொல்லும் உரிமை ஒருமுறை வென்று பெட்டியில் பூட்டி வைக்கத்தக்க பொருளன்று. தலைமுறைதோறும் புதிதாகக் கேட்டுப் பெறவேண்டிய ஒன்று. செவியறிவுறூஉ பாடிய புலவனுக்கு அதைக் கேட்கும் வேந்தன் வாய்த்தால் நாடு பிழைக்கும். வேந்தன் கேளாதபோது, ஸ்ஃபாக்ஸ் நகரத்து இளைஞரின் மனுவைப் போல, அப்பாட்டு முகவரி மாறி மக்களின் கைக்கே போய்ச் சேரும்.