சந்தாவும் மௌனமும்

'சந்தா' என்னும் சொல் பாரசீகத்திலிருந்து உருது வழியாக நம் தமிழுக்கு வந்து சேர்ந்தது. 'சந்த்' என்றால் பாரசீகத்தில் 'சில' என்றும் 'எத்தனை' என்றும் பொருள்படும். அரபு மொழியில் இதனையே 'இஷ்திராக்' என்பர். பங்கு கொள்ளுதல், கூட்டாதல் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் வழங்கும் சொல்லோ இலத்தீன் வேரினின்று முளைத்தது; 'கீழே எழுதுதல்', அதாவது ஓர் உறுதிமொழியின் அடியில் கையொப்பமிடுதல் என்று அது பொருள் தரும். ஒரு சொல் தொகையையும், ஒரு சொல் தோழமையையும், ஒரு சொல் ஒப்புதலையும் குறித்து நிற்கக் காண்கிறோம். இம்மூன்றும் கூடியிருந்த காலமும் உண்டு; தொகை மட்டும் எஞ்சி ஒப்புதல் மறைந்துபோன காலமும் உண்டு. அந்த மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1731-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு நூலகத்திற்குத் திட்டமிட்டார். அந்நாளில் அங்கே நல்ல நூல்கள் வேண்டுமாயின் இலண்டனிலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டும். தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்யலாம் என்று கருதிய அவர், ஐம்பது பேரைத் திரட்டினார். ஒவ்வொருவரும் முதலில் 40 ஷில்லிங்கும், பின்னர் ஆண்டுக்கு 10 ஷில்லிங்கும் செலுத்துவதென ஒப்பந்தம் எழுதப்பட்டது. நூலை உரிய காலத்தில் திருப்பித் தராதவர் அதன் விலையைப்போல் இருமடங்கு தர வேண்டும் என்பதும் விதியாயிற்று. அந்தப் பட்டியலில் பெயர் எழுதியவர் ஒவ்வொருவரும் நூலகத்தின் பங்காளியே ஆவார். தாம் எவ்வளவு கொடுக்கிறோம், எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறியாதவர் அவர்களுள் ஒருவரும் இருந்திருக்க முடியாது.

நூறாண்டு கழித்து இம்முறை வணிகமாக வளர்ந்தது. சார்லஸ் எட்வர்ட் மூடி என்பார் 1842-இல் இலண்டனில் நூல்களை இரவல் தரத் தொடங்கினார். ஆண்டுச் சந்தா ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். ஒரு வேளைக்கு ஒரு தொகுதி எடுத்துச் செல்லலாம். திருப்பித் தந்து வேறொன்று பெறலாம். அக்காலத்துப் புதிய நாவல்கள் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றின் விலையோ 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரு நாவலை வாங்கும் பணத்திற்குள்ளாகவே ஓராண்டுச் சந்தா அடங்கிவிட்டது!

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ஆண்டுக்கு 21 நாவல்கள் படிக்கும் ஒருவர்க்கு நாவல் ஒன்றுக்கு ஒரு ஷில்லிங்தான் செலவு. அவற்றை விலைக்கு வாங்கியிருப்பின் 33 பவுனுக்கு மேல் ஆகியிருக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே ஒரு நாவல் படித்தவர்க்கோ அந்த ஒன்றின் செலவு 21 ஷில்லிங். ஆண்டிறுதியில் அவர் கையில் நூலும் இராது. சந்தா ஒன்றே, அது மலிவா, விலையேற்றமா என்பதைத் தீர்மானித்தது விலைப்பட்டியலன்று, பயன்பாடே ஆகும். இன்றைக்கும் சந்தாக்களை ஒப்பிட இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

சந்தாதாரர் பெருகப் பெருக மூடியின் செல்வாக்கும் ஓங்கிற்று. 1859-இல் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1,250 படிகள் அச்சானபோது, அவற்றுள் 500 படிகளை மூடியே வாங்கினார். அவர் ஒதுக்கிய நாவல் விற்பனையில் தளர்ந்தது. தம் நூல் அவ்வாறு ஒதுக்கப்பட்டதால் வெகுண்ட ஜார்ஜ் மூர் என்னும் எழுத்தாளர், 1885-இல் இந்த ஆதிக்கத்தைச் சாடித் தனி நூலே வெளியிட்டார். எனினும் மூடியின் வாசகருக்கு ஓர் உரிமை எஞ்சியிருந்தது. ஆண்டு முடிந்ததும் அவர் பணம் கட்டாமல் வாளாவிருந்தால் போதும். தொடர்பு தானே அற்றுவிடும். அங்கே மௌனம் விடைபெறுதலாக இருந்தது.

மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்பது நம் வழக்கு. ஆயின், பொருள் கைமாறும் இடத்தில் சட்ட அறிஞர்கள் இதனை எளிதில் ஏற்கவில்லை. பேசாதிருப்பவர்மீது ஒரு சொல்லைச் சுமத்தலாகாது என்பது ஃபிக்ஹுக் கலையின் புகழ்பெற்ற விதிகளுள் ஒன்று. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பில் இது 67-ஆம் விதியாக இடம்பெற்றது. பேசியே தீரவேண்டிய இடத்தில் காக்கும் மௌனம் மட்டும் பேச்சாகக் கொள்ளப்படும் என்னும் விலக்கும் அவ்விதியிலேயே உண்டு. இங்கிலாந்திலும் 1862-இல் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. தம் சகோதரர் மகனின் குதிரையை 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் கேட்ட ஒருவர், மறுமொழி வாராவிடில் குதிரை தமக்கே உரியதென்று கொள்வதாக எழுதினார். மறுமொழி வரவில்லை. அந்த மௌனத்தால் விற்பனை முற்றுப்பெறவில்லை என்றே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்த வேலியைத் தாண்டும் வழியை வணிகம் கண்டுகொண்டது. 1926-இல் ஹாரி ஷெர்மன் என்பார் அமெரிக்காவில் 'மாதம் ஒரு நூல்' கழகத்தைத் தொடங்கினார். அதன் முதல் நூல் 4,750 உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. விரைவில் கழகம் ஒரு புதிய முறையைக் கைக்கொண்டது. அடுத்த மாத நூல் இன்னதென்று முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேண்டாதவர் குறித்த நாளுக்குள் மறுப்புச் சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பத் தவறினால் நூலும் வரும், அதற்கான பணமும் கேட்கப்படும். இது சட்டத்திற்கு மாறானதன்று. ஏனெனில், 'என் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்க' என்று உறுப்பினர் முதல் நாளிலேயே ஒப்பமிட்டிருந்தார். மஜல்லா கூறும் விலக்கின் வாயில் வழியே சந்தா புதிய வீடு புகுந்தது எனலாம். இதனால் விளைந்த முறையீடுகளைக் கண்ட அமெரிக்க அரசின் வணிக ஆணையம், 1973-இல் இத்தகைய திட்டங்களுக்கென்றே தனி விதி வகுக்க நேர்ந்தது.

அதன்பின் சீட்டும் மறைந்தது. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 1999-இல் திரைப்படத் தட்டுகளுக்கு மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்தது; 2007-இல் இணையவழியே படம் காட்டத் தொடங்கியது. இன்று இசைக்கும் செய்திக்கும் கணினி மென்பொருளுக்கும் தனித்தனியே சந்தாக்கள் உள்ளன. பணம் வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் ஓசையின்றிக் கழிகிறது.

மனிதர் இதில் எவ்வளவு இழக்கின்றனர் என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாகும். டெல்லா விக்னா, மால்மெண்டியர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர், அமெரிக்க உடற்பயிற்சி நிலையங்கள் மூன்றின் கணக்குகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். மாதம் 70 டாலருக்கு மேல் செலுத்திய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்திற்கு நான்கு முறையே அங்குச் சென்றனர். ஒரு முறைக்கு ஆன செலவு 17 டாலருக்கும் அதிகம். பத்து முறைக்கான சீட்டை வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலரே ஆகியிருக்கும். கடைசியாகச் சென்ற நாளுக்கும் உறுப்பினர் உரிமையை நீக்கிக்கொண்ட நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் கடந்திருந்தன. அவ்வளவு நாளும் பணம் செலுத்தியது விருப்பமன்று, மறதியே.

நம் நாட்டில் இந்திய ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் ஒரு கட்டுப்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அட்டை முதலியவற்றின் வழியே தொடர்ந்து பணம் எடுக்கும்போது, குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்பாகவே எடுப்பவர் பெயர், தொகை, நாள் ஆகியவற்றை வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும். விலகிக்கொள்ளும் வழியும் அவருக்கு இருத்தல் வேண்டும். ஷெர்மனின் மறுப்புச் சீட்டு கைபேசிச் செய்தியாக மீண்டும் நம் கைக்கு வந்திருக்கிறது. ஆயினும் அதனைப் படியாது தள்ளிவிடுவோர்க்குச் சட்டம் என்ன செய்ய இயலும்?

இல்லத்தார் செய்யத்தக்கது அரிதன்று. ஆண்டில் ஒரு நாள் குடும்பத்தார் கூடியமர்ந்து, செலுத்தும் சந்தாக்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுக. மாதத் தொகையைப் பன்னிரண்டால் பெருக்குக. சென்ற ஆண்டு எத்தனை முறை பயன்பட்டதோ, அந்த எண்ணால் வகுக்குக. கிடைக்கும் விடையே அச்சந்தாவின் உண்மை விலை. அவ்விலைக்கு இன்று புதிதாக வாங்கச் சம்மதிப்போமா என்று வினவி, சம்மதிப்பவற்றின் அடியில் மட்டும் பெயரை எழுதுக. எஞ்சியவற்றுக்கு அன்றே விடைகொடுப்பது நலம். பிலடெல்பியாவின் ஐம்பது பேரும் தெரிந்தே கொடுத்தனர். ஆதலின் அவர்கள் கொடுத்தது செலவாகாமல் பங்காயிற்று.