பியூட்டனால்

நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்ககால். நிறமற்ற நீர்மம், மூக்கைத் துளைக்கும் நெடி உடையது, ஏறத்தாழ 118 பாகை செல்சியசில் கொதிக்கும். இதன் நான்கு மாற்றியங்களுள் நேர்ச்சங்கிலி வடிவமே இங்கே விவரிக்கப்படுகிறது. பெயிண்ட், வார்னிஷ் தொழில்களில் கரைப்பானாகவும் பியூட்டைல் அசிடேட், பியூட்டைல் அக்ரிலேட் ஆகியவற்றுக்கு மூலப்பொருளாகவும் பயன்படுகிறது.

நுண்ணுயிர்கள் பியூட்டனாலை உண்டாக்குவதை லூயி பாஸ்டர் 1860களின் தொடக்கத்தில் பதிவு செய்தார். அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு இது ஆய்வகத்தைத் தாண்டவில்லை.

1910ஐ ஒட்டி ரப்பர் விலை ஏறவே, பியூட்டனாலிலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் முயற்சி மான்செஸ்டரில் தொடங்கியது. அதில் பங்கேற்றுப் பின்னர் விலகிய வேதியியலர் ஹைம் வைஸ்மான், மாவுப்பொருளை நேரடியாக நொதிக்கச் செய்து அசிட்டோனும் பியூட்டனாலும் தரும் கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். முதல் உலகப்போரில் கோர்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் பெருமளவில் தேவைப்பட, பிரிட்டன் இம்முறையைக் கையிலெடுத்தது. மூலப்பொருளான மக்காச்சோளத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்ட 1917இல், அதற்கு மாற்றாகப் பள்ளிச் சிறுவர்கள் குதிரைச் செஸ்நட் கொட்டைகளைப் பொறுக்கித் தந்தனர். எதற்கென்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஏற்றிச்செல்ல வண்டி கிடைக்காமல் ரயில் நிலையங்களில் குவிந்து அழுகியவை போக, கிங்ஸ் லின் ஆலையை வந்தடைந்தவையும் நல்ல விளைச்சல் தரவில்லை. நொதிகலனில் அசிட்டோன் ஒரு பங்கு கிடைத்தால் பியூட்டனால் இரு பங்கு கிடைத்தது. அன்று அதைக் கேட்பாரில்லை.

வைஸ்மானின் இந்தப் பணிக்குக் கைம்மாறாகவே, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு தெரிவித்த 1917இன் பால்ஃபர் அறிவிப்பு வந்தது என்று அப்போதைய பிரிட்டன் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பின்னர் தம் நினைவுக்குறிப்புகளில் எழுதினார்; வரலாற்றாய்வாளர் பலர் இதை ஏற்பதில்லை. கண்டுபிடிப்பின் உரிமையும் வழக்குக்குள்ளானது. 1926இல் இங்கிலாந்து நீதிமன்றம் வைஸ்மானின் காப்புரிமையை உறுதிசெய்தது.

போருக்குப்பின் நிலைமை தலைகீழானது. அமெரிக்க மோட்டார் தொழிலில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் புகுந்தது. அதன் கரைப்பானான பியூட்டைல் அசிடேட் அவசரப்படாமல் ஆவியாவதால், ஈரக்காற்றிலும் பூச்சு வெளுக்காமல் சமமாகப் படிந்தது. வாரக்கணக்கில் உலர்ந்த காரின் வண்ணம் சில நாள்களில் தயாரானது. இண்டியானாவின் டெர் ஓட் நகர நொதித்தல் ஆலை அப்போது பியூட்டனாலுக்காகவே ஓடியது, அசிட்டோன் துணைவிளைபொருளாயிற்று. 1923இல் அங்கே நொதித்தலைக் கெடுத்த தொற்றுக்குப் பாக்டீரியாவைத் தாக்கும் வைரசே காரணம் எனக் கருதப்படுகிறது.

1930களில் மொலாசஸ் மூலப்பொருளானது. 1938இல் ஓட்டோ ரோலன் கண்ட ஆக்சோ முறை, புரோப்பிலீனிலிருந்து பியூட்டனால் செய்ய வழிதிறந்தது. 1950களுக்குப்பின் பெரும்பாலான நொதித்தல் ஆலைகள் மூடப்பட்டன; தென்னாப்பிரிக்காவிலும் சோவியத் ஒன்றியத்திலும் 1980கள் வரை சில இயங்கின.

உயிரி எரிபொருளாக இதன்மீது 2000களில் மீண்டும் கவனம் திரும்பியது.