சில்லுச் செய்முறைக்கு அரசு மானியம்: டோக்கியோ, சின்ச்சு, மொகாலி

1. பொருளும் எல்லையும்

குறைகடத்தித் தொழிலுக்கு அரசுகள் தரும் பணத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தொகையோடு நின்றுவிடுகிறது. அமெரிக்கா 2022இல் சிப்ஸ் சட்டத்தின் வழியே 5,270 கோடி டாலர் ஒதுக்கியது. இந்தியா 2021 டிசம்பரில் 76,000 கோடி ரூபாய் அறிவித்தது. இவற்றை அடுக்கி வைத்து ஒப்பிட்டால் தெரியவருவது சொற்பம். அந்தப் பணம் எதற்காக, எந்த நிபந்தனையோடு, யார் கையில் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆலை கட்டத் தரும் மானியம் ஒரு வகை. உற்பத்திச் செய்முறையை உள்நாட்டிலேயே உருவாக்கத் தரும் மானியம் வேறு வகை. இக்கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. சில்லு வடிவமைப்புக்கும், சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் ஆலைகளுக்கும் தரப்படும் உதவிகள் இதன் எல்லைக்கு வெளியே.

2. செய்முறையின் செலவுக் கணக்கு

வேஃபர் எனப்படும் மெல்லிய சிலிக்கான் தகடு ஆலைக்குள் நுழைந்து சில்லுகளாக வெளிவருவதற்குள் நூற்றுக்கணக்கான படிகளைக் கடக்கிறது. ஒளியால் வடிவம் பதித்தல், அரித்தல், அயனி புகுத்தல், மென்படலம் படிவித்தல், மெருகிடல் ஆகிய வேலைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. வெப்பம், அழுத்தம், வாயுவின் அளவு, நேரம் என்று ஒவ்வொரு படியிலும் சரியாக அமைக்க வேண்டியவை பல. மொத்தம் 500 படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 99.9 விழுக்காடு சரியாக நடந்தால்கூடக் கடைசியில் தேறுவது ஏறத்தாழ 61 விழுக்காடுதான். படிக்கு 99 விழுக்காடு என்றால் நூற்றுக்கு ஒரு சில்லுகூடத் தேறாது. தேறும் இந்த விகிதத்தைத் தொழிலில் யீல்டு என்பார்கள். ஒரு ஆலை பிழைப்பதும் மூடப்படுவதும் இதைப் பொறுத்தது.

இயந்திரங்கள் விலைக்குக் கிடைக்கும். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல், அமெரிக்காவின் அப்ளைட் மெட்டீரியல்ஸ், ஜப்பானின் டோக்கியோ எலக்ட்ரான் ஆகியவை, ஏற்றுமதித் தடை குறுக்கிடாதவரை, பணம் தருவோருக்கு விற்கின்றன. அந்த இயந்திரங்களை ஒன்றோடொன்று இசையவைத்து யீல்டை ஏற்றும் அறிவுக்குக் கடை கிடையாது. மாதக்கணக்கில் சோதனை வேஃபர்களை ஓட்டி, பழுதானவற்றை அளந்து, காரணம் தேடி, மறுபடி ஓட்டித்தான் அது கைவருகிறது. அதற்கான பணம் வீணான வேஃபர்களிலும் வாயுவிலும் மின்சாரத்திலும் பொறியாளர் சம்பளத்திலும் கரைகிறது. தணிக்கையாளரிடம் இயந்திரத்தைக் காட்டலாம்; குப்பைக்குப் போன பத்தாயிரம் வேஃபர்களைச் சொத்து என்று காட்ட முடியாது. மூலதனச் செலவில் இத்தனை விழுக்காடு என்று மானியத்தை வகுப்பதில் எல்லா நாட்டு நிதித்துறைகளுக்கும் இருக்கும் விருப்பத்துக்கு இதுவே காரணம் என்பது என் கருத்து.

3. ஜப்பான்: போட்டியாளர்களை ஒரே கூடத்தில் உட்காரவைத்த மானியம்

ஐபிஎம் அடுத்த தலைமுறைக் கணினியைக் கொண்டுவரப்போகிறது என்ற அச்சத்தில் 1976இல் ஜப்பான் மிகப்பெரிய அளவு ஒருங்கிணைச் சுற்றுகளுக்கான ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தது. ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, மிட்சுபிஷி எலக்ட்ரிக், என்இசி, தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் அதில் உறுப்பினர்கள். 1980 வரை நான்கு ஆண்டுகளில் செலவான தொகை சுமார் 7,000 கோடி யென். அதில் ஏறத்தாழ 40 விழுக்காடு அரசு தந்தது. மீதி நிறுவனங்களின் பணம். அரசு தந்ததும் திரும்ப வாங்காத கொடை என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சியால் லாபம் வந்தால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருந்தது.

பணத்தின் பெரும்பகுதி நிறுவனங்களின் சொந்தக் குழு ஆய்வகங்களுக்கே போனது. ஆனால் பேர் பெற்றது, கவாசாகியில் என்இசி வளாகத்தில் இயங்கிய கூட்டு ஆய்வகம். சந்தையில் ஒருவரையொருவர் வீழ்த்தப் பார்க்கும் ஐந்து நிறுவனங்களிலிருந்தும் சுமார் 100 ஆய்வாளர்கள் அங்கே வந்தார்கள். அரசு மின்னணு ஆய்வகத்திலிருந்து வந்த தாருயி யாசுவோ அதன் தலைவர். நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று மறைக்க விரும்பும் பொருள்களைக் கூட்டு ஆய்வகம் தொடவில்லை. சில்லு வடிவமைப்பு அங்கே வரவில்லை. எலக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைதல், சிலிக்கான் படிகத்தின் குறைகள், சோதனை முறைகள் என எல்லோருக்கும் அடிப்படையான, ஒருவரால் தனியே தாங்க முடியாத வேலைகளே எடுக்கப்பட்டன.

இதன் பெரிய பலன் ஐந்து உறுப்பினர்களுக்கும் வெளியே விளைந்தது. ஒளிவழி வடிவம் பதிக்கும் ஸ்டெப்பர் இயந்திரம் வேண்டும் என்று சங்கம் ஒளியியல் நிறுவனங்களைத் தேடிப் போனது. கேமரா வில்லைகளில் தேர்ந்த நிகான் 1978இல் முதல் கருவியைச் செய்து சங்கத்துக்குக் கொடுத்தது. 1980இல் அதையே வணிகப் பொருளாக்கியது. பத்தே ஆண்டுகளில் நிகானும் கேனானும் உலகச் சந்தையில் அமெரிக்கக் கருவியாளர்களை ஓரங்கட்டின. மானியத் தொகையில் சிறு பகுதியே இதற்குப் போயிருக்கும். ஆனால் முதல் கொள்முதலாளர் தயாராக இருந்தார். குறைகளை அன்றாடம் சொல்லக்கூடிய பொறியாளர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

4. தைவான்: பழைய தொழில்நுட்பத்தை வாங்கிய துணிச்சல்

தைவானின் வழி வேறு. 1974இல் பொருளாதார அமைச்சர் சுன் யுன்-சுவானும், அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் பணியாற்றிய பான் வென்-யுவானும் தைபேயில் ஒரு சோயாப்பால் கடையில் காலை உணவின்போது பேசிய திட்டம் இது. மதிப்பீடு 1 கோடி டாலர். 1976இல் ஆர்சிஏயிடமிருந்து 7 மைக்ரான் சிமாஸ் செய்முறை வாங்கப்பட்டது (செய்முறையின் நுண்மையைச் சொல்லும் இந்த அளவு சிறியதாக ஆக, தொழில்நுட்பம் முன்னேறியது என்று பொருள்). அன்றைக்கே அது முன்னணியில் இல்லாத தொழில்நுட்பம். உள்நாட்டில் எதிர்ப்பும் இருந்தது.

உரிமத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தொழில்துறை ஆராய்ச்சி நிறுவனமான ஐடிஆர்ஐ தன் இளம் பொறியாளர்களை ஆர்சிஏ ஆலைகளுக்கே பயிற்சிக்கு அனுப்பியது. வடிவமைப்பு, செய்முறை, சோதனை, கருவிப் பராமரிப்பு என்று பிரிந்து அவர்கள் கற்றார்கள். 1977 அக்டோபரில் சின்ச்சுவில் மாதிரி ஆலை தயாரானது. கைக்கடிகாரச் சில்லுகள் செய்த அந்தச் சிறிய ஆலை சில மாதங்களில் யீல்டில் ஆர்சிஏயையே முந்தியது.

அரசு ஆய்வகத்தின் மாதிரி ஆலையில் கற்றது அங்கேயே தங்கிவிடவில்லை என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1980இல் ஆட்களும் செய்முறையுமாக யுஎம்சி பிரிந்து போனது. 1987இல் ஐடிஆர்ஐயின் அடுத்த ஆய்வகத்திலிருந்து டிஎஸ்எம்சி பிறந்தது. அதில் அரசு நிதியத்தின் பங்கு 48.3 விழுக்காடு, பிலிப்ஸின் பங்கு 27.5 விழுக்காடு. செய்முறை உருவாக்கும் கட்டத்தின் செலவை மானியம் சுமந்தது. ஆலை எழுந்த கட்டத்தில் அரசு பங்குதாரராக உட்கார்ந்தது. கட்டத்துக்கேற்பப் பணத்தின் வடிவத்தை மாற்றிய இந்த நிதானம் பல நாடுகளுக்கு வாய்க்கவில்லை.

5. பிற்காலச் சோதனைகள் இரண்டு

அமெரிக்கா 1987இல் 14 நிறுவனங்களைச் சேர்த்து செமாடெக்கைத் தொடங்கியது. பாதுகாப்புத் துறை ஆண்டுக்கு 10 கோடி டாலர் தந்தது. கூட்டாகச் செய்முறை உருவாக்குவதே முதல் நோக்கம். தங்கள் செய்முறை ரகசியத்தைக் கொண்டுவந்து மேசையில் வைக்க எந்த உறுப்பினரும் தயாராக இல்லை. ஆகவே உள்நாட்டுக் கருவி நிறுவனங்களை வலுப்படுத்தும் வேலைக்கு அது திரும்பியது. அப்படியும் ஸ்டெப்பரின் முன்னோடியான ஜிசிஏ 1993இல் மூடப்பட்டது.

ஜப்பானின் ராபிடஸ் 2022இல் தொடங்கப்பட்டது. ஐபிஎம்மின் 2 நானோமீட்டர் தொழில்நுட்பத்தைக் கற்கத் தன் பொறியாளர்களை அமெரிக்காவின் ஆல்பனிக்கு அனுப்பியது. 2025 ஜூலையில், ஹொக்கைடோவின் சிடோசே ஆலையில் செய்த மாதிரி டிரான்சிஸ்டர்கள் இயங்கியதாக அறிவித்தது. அங்கே அரசுப் பணத்தின் பெரும்பகுதி நெடோ என்னும் அமைப்பின் வழியே ஆராய்ச்சிப் பணி ஒப்படைப்பாகப் போகிறது. ஒவ்வொரு நிதியாண்டும் திட்டத்தைப் பரிசீலித்த பிறகே அடுத்த தொகை. வாடிக்கையாளர்கள் போதுமான அளவு வருவார்களா என்ற ஐயம் தீரவில்லை. ஆனால் மானியத்தின் அமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை.

6. இந்தியா

இந்தியாவின் கதை 2021இல் தொடங்கவில்லை. பஞ்சாபின் மொகாலியில் அரசு நிறுவிய செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் 1984இல், அமெரிக்கன் மைக்ரோசிஸ்டம்ஸிடம் பெற்ற 5 மைக்ரான் செய்முறையோடு உற்பத்தியில் இறங்கியது. 1989 பிப்ரவரி 7 அன்று தீ விபத்தில் ஆலை அழிந்தது. மீட்டெடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த ஆண்டுகளில்தான் தைவானும் கொரியாவும் வெகுதூரம் முந்திப்போயின. 2006இல் விண்வெளித் துறையின் கீழ் ஆய்வகமான பிறகு, இஸ்ரேலின் டவர் நிறுவனத்திடமிருந்து 180 நானோமீட்டர் செய்முறை பெறப்பட்டது. இஸ்ரோவின் விக்ரம் 3201 செயலி இங்கேதான் உருவானது.

2021 திட்டம் செய்முறையின் நுண்மைக்கேற்ப 50, 40, 30 விழுக்காடு என்று மானியத்தை வகுத்தது. 2022 செப்டம்பரில் எல்லா அளவுகளுக்கும் திட்டச் செலவில் 50 விழுக்காடு என்றானது. விண்ணப்பிப்பவர் ஏற்கனவே வணிக ஆலை நடத்துபவராகவோ, உற்பத்திக்குத் தயாரான தொழில்நுட்ப உரிமம் வைத்திருப்பவராகவோ இருக்க வேண்டும் என்பது விதி. செய்முறை கையில் உள்ளவருக்கே பணம் என்பதே இதன் சாரம். உரிமப் பேச்சு இழுபறியாகவே இருந்த வேதாந்தா–ஃபாக்ஸ்கான் கூட்டு 2023 ஜூலையில் முறிந்தது. தைவானின் பிஎஸ்எம்சியைத் தொழில்நுட்பக் கூட்டாளியாகப் பிடித்த டாடா எலக்ட்ரானிக்ஸின் தோலேரா ஆலைக்கு 2024 பிப்ரவரி 29 அன்று ஒப்புதல் கிடைத்தது: 91,000 கோடி ரூபாய், மாதம் 50,000 வேஃபர், 28 நானோமீட்டர் வரை.

ஆலை எழுவது நல்லதுதான். அதைக் குறைத்துப் பேசுவது பொறுப்பாகாது. ஆனால் 28 நானோமீட்டரிலிருந்து அடுத்த படிக்குப் போக வேண்டிய நாளில் இந்தத் திட்டம் மறுபடி உரிமம் வாங்கவே வழி காட்டும். ஐஐஎஸ்சி, ஐஐடி பம்பாய் நானோமின்னணு மையங்களில் ஆய்வறிக்கையாகவும் சில மாதிரிகளாகவும் பிறப்பதை, உற்பத்தித் தரமான ஆலையில் ஓட்டிப் பார்க்கும் இடைநிலை இன்னும் வலுவாக இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தக்கது மொகாலி. 2022இல் மின்னணு அமைச்சகத்தின் கீழ் வந்த அந்த ஆய்வகத்தை நவீனப்படுத்துவதாக 2021 அறிவிப்பிலேயே அரசு சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு 2025 நிதிநிலை அறிக்கையில் 500 கோடி ரூபாய்க் குறைகடத்தி இயக்கத்தை அறிவித்து, சூலூரிலும் பல்லடத்திலும் உற்பத்திக் கருவிகளுக்கான பூங்காக்களைச் சொன்னபோது, தெரிந்தோ தெரியாமலோ நிகான் பாடத்துக்கு அருகே வந்தது. கோவை வட்டாரத்தின் துல்லிய எந்திர வேலைக்குப் பொருந்தும் முடிவு அது. ஆனால் அங்கே செய்யப்படும் கருவியை முதலில் வாங்கி, ஓட்டி, குறை சொல்ல ஒரு ஆலை வேண்டும்.

ஆகவே மைய அரசின் அடுத்த கட்ட விதிகளில் மூன்று மாற்றங்கள் தேவை. சோதனை வேஃபர் ஓட்டங்களும் செய்முறைப் பொறியாளர் சம்பளமும் மானியத்துக்குத் தகுதியான செலவாக ஏற்கப்பட வேண்டும். தவணைகளில் ஒரு பகுதியேனும் கட்டட முன்னேற்றத்தை விட்டு யீல்டு இலக்கோடு இணைய வேண்டும். மொகாலிக்கு ஆண்டுதோறும் உறுதியான இயக்க நிதி தந்து, உள்நாட்டுக் கருவிகளையும் கல்லூரி ஆய்வுகளையும் அங்கே ஓட்டிப் பார்க்க அனுமதிக்க வேண்டும். மூன்றுக்குமான செலவு தோலேரா ஆலைச் செலவின் ஒரு சிறு பங்குக்குள் அடங்கும் என்பது என் கணிப்பு. அமைச்சகம் அதைத் தள்ளிப்போடாமல் தொடங்க வேண்டும்.