கம்பத்திலிருந்து வாசல் வரை

"முதல்ல போன் எடுங்க, அப்புறம் நெட்டைப் பார்ப்போம்." 2000களின் நடுவில் வீட்டுக்கு இணையம் கேட்டவருக்குக் கிடைத்த பதில் இதுதான். தூத்துக்குடியில் கேபிள் டிவி தொழில் செய்யும் எனக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கிறது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, வீட்டுக்குள் அது வர ஒரே வழி போன் லைன். மோடம் ஓடும்வரை யாரும் போனைத் தொட முடியாது. 2004-ல் வந்த பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அது பிராட்பேண்ட் என்றது. அடுத்த ஜனவரியில் பிஎஸ்என்எல் சேவை தொடங்கியது. ஒரே செம்புக் கம்பியில் பேச்சும் டேட்டாவும் வர, ஸ்பிளிட்டர் என்ற சின்னப் பெட்டி இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. வீடு எக்ஸ்சேஞ்சை விட்டுத் தள்ளிப் போகப் போக வேகம் குறையும். போனே இல்லாத வீட்டுக்கு அதுவும் இல்லை.

இதற்கு மாற்று வழியைத் தமிழ்நாட்டிலேயே ஒரு குழு தேடியிருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை செம்பு புதைக்கும் செலவே பெரிய தடை என்று கண்ட சென்னை ஐஐடி பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும், 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். பின்னர் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் அதைக் கொண்டு இயங்கின. வேகம் 35 கிலோபிட், மிஞ்சினால் 70. மின்னஞ்சலுக்குப் போதும், வீடியோவுக்குக் காணாது.

2006-ல் எங்கள் கடலுக்கடியில் கண்ணாடி இழை வந்தது. தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசை வரை 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாரத் லங்கா கேபிள் அது. அதற்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால், 1906-ல், வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இதே கொழும்பு வழித்தடத்துக்காகத்தான். கடலைத் தாண்ட வழி கண்ட ஊரில், கம்பத்திலிருந்து வாசல் வரையுள்ள சில அடி தூரத்துக்கு அன்று பல வீடுகளில் வழி இல்லை.

கேபிள்காரர்களிடம் ஒரு ஒயர் இருந்தது. ஆனால் டிவி லைனில் நாங்கள் வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் சிக்னலை வீட்டுப் பக்கம் மட்டுமே தள்ளும். இணையத்துக்குப் போக்கும் வேண்டும், வரவும் வேண்டும். அதனால் லேன் ஒயரைத் தனியாக இழுத்தோம். 100 மீட்டருக்கு மேல் அது தாங்காது. ஆகவே இடையிடையே யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் ஸ்விட்ச் பெட்டி வைத்து, அந்த வீட்டிலேயே கரண்ட் எடுப்போம். அங்கே கரண்ட் போனால் தெருவுக்கே நெட் போகும். இடி இடித்தால் ஸ்விட்ச் கருகும். போதாததற்கு உப்புக் காற்று: கனெக்டரைக் கழற்றினால் செம்பு நுனியில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். நுனியை வெட்டிவிட்டுப் புதிதாகக் கிரிம்ப் செய்து மாட்டுவோம்.

கண்ணாடிக்குக் களிம்பு ஏறாது, கரண்டும் பாயாது. கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், தெருவுக்கு வந்ததும் எங்கள் வேலையே மாறியது. மேலுறையை உரித்தால் இழை முடி கனம்தான் இருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, நுனியைச் சீராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைக்க வேண்டும். ஒரு பொறி. இரண்டு இழையும் உருகி ஒன்றாகிவிடும். கடற்காற்று தூசியைக் கொண்டு வரும் என்பதால் முதுகைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்துதான் இதைச் செய்வோம்.

இன்று ஃபைபர் பெட்டியின் பின்புறத்திலேயே போன் சொருக ஒரு போர்ட் இருக்கிறது. போனின் தயவில் வந்த நெட், இப்போது போனைத் தன்னோடு கூட்டி வருகிறது.

2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது கனெக்‌ஷன் கேட்டு வந்த பலருடைய வீட்டில் லேண்ட்லைன் இருந்ததே இல்லை. பிள்ளைகளின் பாடம் எங்கள் ஒயரை நம்பியிருந்தது. ஒரே இழையை 64 வீடுகளுக்குக்கூடப் பிரித்துக் கொடுக்க முடியும். உப்பளத் தொழிலாளர் தெருவோ மீனவர் குடியிருப்போ, கேட்பது இரண்டே வீடு என்றாலும் கேபிள் போட்டே ஆகவேண்டும் என்று சக தொழில்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இழையைப் பிரிக்கும் பெட்டியில் போர்ட் காலியாக இருக்கும்போது ஒரு பிள்ளையைக் காத்திருக்க வைப்பதற்கு நம்மிடம் நியாயம் கிடையாது.