மையவாடி யார் பெயரில் இருக்கிறது?

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவ்த்துச் செய்தி வந்ததும் கபுரு வெட்ட ஆள் போய்விடும். அந்த இடம் அரசுப் பதிவேட்டில் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

பாபநாசம், அய்யம்பேட்டை ஆகியவை பேரூராட்சிகள்; ராஜகிரியும் பண்டாரவாடையும் ஊராட்சிகள். இப்பகுதியில் மட்டுமல்ல, தமிழகம் முழுவதுமே முஸ்லிம்களின் அடக்கஸ்தலங்கள் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, யாரோ ஒரு பெரியவர் அல்லாஹ்வுக்காக எழுதிவைத்த, அல்லது தலைமுறை தலைமுறையாக அடக்கம் செய்தே வக்ஃபாக அறியப்பட்ட நிலம். மற்றது, வருவாய்ப் பதிவேட்டில் மயானப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்டு உள்ளாட்சியின் பொறுப்பில் இருப்பது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சட்டத்தின் முன் இரண்டும் வேறு.

யாருடைய நிலமானாலும், அடக்கம் செய்வதற்கான விதி உள்ளாட்சியுடையது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் 1999-இல் வந்த இடுகாடு, சுடுகாடு விதிகள், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டருக்குள் அடக்கம் கூடாது என்றன. அதற்கென ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் அடக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆகவே "எங்கள் தோப்பிலேயே வாப்பாவை வைத்துக்கொள்கிறோம்" என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு, பாசம் புரிந்தாலும், வேண்டாம் என்றே சொல்கிறேன். பிரச்சினை எழுந்தால் கபுரைத் தோண்டும் நிலை வரும்.

வக்ஃப் நிலங்களுக்கு இப்போது கூடுதல் கவலை. 2025 ஏப்ரல் 8-இல் நடைமுறைக்கு வந்த வக்ஃப் திருத்தச் சட்டம், பயன்பாட்டினால் வக்ஃப் என்ற வகையை இனிமேல் ஏற்காது. முன்பே பதிவானவை தொடரலாம். ஆனால் தகராறில் உள்ளதற்கும் அரசு நிலம் என்று சொல்லப்படுவதற்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. செப்டம்பர் 15-இல் உச்ச நீதிமன்றம் தந்த இடைக்கால உத்தரவும் இந்தப் பகுதியை நிறுத்திவைக்கவில்லை. ஆவணம் இல்லாத பழைய மையவாடிகள் நம் பக்கம் எத்தனை என்பதை முத்தவல்லிமார் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லி அ-பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வக்ஃப் வாரியப் பதிவில் அதே எண்ணும் அதே பரப்பும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். எல்லையை அளந்து கல் நடுங்கள். ஜமாஅத்தின் மவ்த்துப் பதிவேட்டைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை காலமாக அடக்கம் நடக்கிறது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவுசெய்வது தனிக் கடமை. ஜமாஅத் ஏட்டில் எழுதியது அதற்கு ஈடாகாது.

நிலம் காப்பது ஒருபுறம். இருக்கும் நிலத்தை வீணாக்காமலிருப்பது மறுபுறம். நம் டெல்டா மண் இளகியது, ஐப்பசி கார்த்திகையில் குழிக்குள் நீர் ஊறும். உறுதியான மண்ணில் பக்கவாட்டில் குடையும் லஹ்து சிறப்பு என்றாலும், இளகிய மண்ணில் நடுவில் பள்ளம் வெட்டிப் பலகை வைக்கும் ஷக்கு முறையே பொருந்தும் என்பது ஃபிக்ஹு நூல்களின் முடிவு. கபுரைப் பூசுவதையும் அதன்மேல் கட்டுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஆனாலும் சிமெண்டும் டைல்ஸும் ஏறிக்கொண்டே போகின்றன. அப்படிக் கட்டிய இடம் இன்னொரு மய்யித்துக்குப் பயன்படாது. உடல் முற்றிலும் மண்ணாகிவிட்ட பழைய கபுரில் மற்றொருவரை அடக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு.

நம் பகுதியினர் பலர் பிழைக்கப் போன சிங்கப்பூரில் 1998 முதல் ஒரு கபுருக்கு 15 ஆண்டுதான். பிறகு எச்சங்களை எடுத்துச் சிறிய இடத்தில் மறுபடி அடக்குகிறார்கள். 1972-இல் மூடப்பட்ட பிடாடாரி மையவாடியையும் 2001 தொடங்கித் தோண்டியெடுத்தார்கள். இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள். நமக்கு இன்னும் அந்த நெருக்கடி வரவில்லை.