போர்முரசு முதல் ஸஹர் நகரா வரை

போர்க்களம் என்றவுடன் வாளும் வேலும், யானையும் குதிரையும், பிற்காலத்தில் துப்பாக்கியும் பீரங்கியும் நம் நினைவில் எழுகின்றன. இவை அனைத்தையும் ஒரே கணத்தில் அசையச் செய்த ஒன்றை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அதுவே ஒலி. பல்லாயிரம் பேர் அணிவகுத்து நிற்கும் வெளியில் தளபதியின் குரல் முதல் வரிசைக்கு அப்பால் செல்வதில்லை. புழுதி எழுந்துவிட்டால் கொடி தெரிவதில்லை. வெடிமருந்துப் புகை சூழ்ந்துவிட்டால் அருகில் நிற்பவனே தெரிவதில்லை. அந்நிலையில் ‘கூடு’, ‘நட’, ‘நில்’, ‘பாய்’, ‘திரும்பு’ என்னும் ஆணைகளைக் கடைசி வீரனின் செவிவரை கொண்டு சேர்த்தவை தோற்கருவிகளும் ஊதுகருவிகளுமே. முரசின் அடி ஒவ்வொன்றும் தலைவனின் சொல்லாகவே கொள்ளப்பட்டது.

அவ்வொலி நமது கொங்கு நாட்டில் நடந்து வந்த வழியையும், அதைப் பற்றி நம் மார்க்க மேதைகள் சிந்தித்த வகையையும், முடிவில் அது எங்கே வந்து தங்கிற்று என்பதையும் ஈண்டுக் காண்போம்.

சேரன் முரசு

கொங்கு நாட்டின் பழைய வரலாறு சேரர் குடியின் இரும்பொறை மரபோடு பிணைந்தது. கரூரை அடுத்த புகலூர்க் குன்றில் காணப்படும் தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் அம்மரபினரின் பெயர்களை இன்றும் தாங்கி நிற்கின்றன. அம்மரபில் வந்தவன், தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அவனுடைய அரண்மனையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைப் புறநானூறு காத்து வைத்துள்ளது.

அக்காலத்தில் அரசனின் முரசுக்கெனத் தனிக் கட்டில் உண்டு. முரசை நீராட்டி, மாலை சூட்டி, அதன்மேல் வைத்திருப்பர். ஒருநாள் முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தனர். வழிநடந்து களைத்து வந்த மோசிகீரனார் என்னும் புலவர், அது முரசுகட்டில் என்று அறியாது அதிலே படுத்துறங்கிவிட்டார். அது வாளுக்கு இரையாக வேண்டிய குற்றம். அங்கு வந்த மன்னனோ, வாளை உருவ வேண்டிய கையால் விசிறியை எடுத்துப் புலவருக்கு வீசி நின்றான். விழித்தெழுந்த புலவர் வியந்து பாடிய பாட்டே புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு.

முரசுக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? முரசு அரசனின் வாய். பகைவனின் முரசைக் கைப்பற்றினால் அவனுடைய அரசையே கைப்பற்றியதாகக் கருதினர். பகைவன் போற்றிய காவல்மரத்தை வெட்டி, அம்மரத்தாலேயே தம் முரசைச் செய்து கொள்வதும் உண்டு. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடம்ப மரத்தை அவ்வாறு வெட்டி முரசு செய்ததைப் பதிற்றுப்பத்து கூறுகிறது. இரு காளைகளைப் பொரவிட்டு, வென்ற காளையின் தோலையே முரசுக்குப் போர்த்தனர் என்ற செய்தியும் சங்கப் பாடலில் உண்டு. மாட்டுச் சந்தையால் பெயர் பெற்ற நம் பொள்ளாச்சிப் பகுதியினர்க்குக் காளையின் தரமும் தோலின் தரமும் புதியன அல்லவே!

தமிழர் முரசைப் போருக்கு மட்டும் உரியதாக வைக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. வீரமுரசு, நியாயமுரசு, தியாகமுரசு என மூன்று முரசுகள் மன்னனுக்கு உரியவையாகச் சொல்லப்படும். போருக்கு ஒன்று, நீதிக்கு ஒன்று, கொடைக்கு ஒன்று. கொல்ல அழைக்கும் முரசைத் தனியே விடாமல், நீதியும் ஈகையும் இரு பக்கமும் நிற்க வைத்த முறை இது.

அரபு மண்ணில்

கடலுக்கு அப்பால், அரபு மண்ணில் இவ்வொலி எவ்வாறு இருந்தது? உஹதுப் போரில் மக்கத்துக் குறைஷிகளின் பெண்டிர், ஹிந்த் என்பாரின் தலைமையில் தஃப் அடித்துப் பாடித் தம் ஆடவரை ஊக்கினர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். முஸ்லிம்களின் அணியிலோ தக்பீர் முழக்கமும், தம்மவரை அடையாளம் காண ஓர் அடையாளச் சொல்லும் இருந்தன. பத்ருப் போரில் அச்சொல் ‘அஹத், அஹத்’ என்பதாகும்.

தொழுகைக்கு மக்களை அழைக்கும் முறை குறித்து மதீனாவில் ஆலோசனை நடந்தபோது, கொம்பு ஊதலாம், மணி அடிக்கலாம் என்ற கருத்துகள் எழுந்தன. இறுதியில் மனிதக் குரலே தேர்ந்தெடுக்கப்பட்டது. பிலால் (ரலி) அவர்களின் நாவில் பாங்கு ஒலித்தது. கருவிக்கும் சொல்லுக்கும் இடையே சொல்லுக்கு முதலிடம் தந்த முடிவு அது.

வரலாற்றுத் தத்துவ மேதை இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் இதை விளக்குகிறார். தொடக்க கால முஸ்லிம்கள் அரச ஆடம்பரத்தை வெறுத்துப் பறையையும் எக்காளத்தையும் தவிர்த்தனர் என்றும், கிலாஃபத் மன்னராட்சியாக மாறிய பின்னரே அவை படையில் புகுந்தன என்றும் அவர் எழுதுகிறார். போரில் முரசு எதற்கு என்ற வினாவுக்கு, பகைவனை அச்சுறுத்தவே என்பது பண்டையோர் விடை. இப்னு கல்தூன் இன்னும் ஆழமாகச் செல்கிறார். இசையைக் கேட்கும் உள்ளத்தில் ஒரு களிப்பும் மயக்கமும் பிறக்கின்றன. அம்மயக்கத்தில் அரியது எளிதாகிறது. மனிதன் உயிரையும் கொடுக்கத் துணிகிறான் என்பது அவர் கருத்து. ஒட்டகம் பாகனின் பாட்டுக்கு நடையை விரைவுபடுத்துவதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார்.

அவருக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முன்பே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111) இஹ்யாஉ உலூமித்தீனில் இதே உளநிலையை அளந்திருக்கிறார். போர்வீரரை ஊக்கும் பாட்டையும் பறையையும் அவர் அனுமதிக்கிறார். ஆனால் ‘ஷாஹீன்’ என்னும் குழலைப் போர்ப் பாசறையில் தடுக்க வேண்டும் என்கிறார். ஏன்? அதன் ஓசை நெஞ்சை உருக்கும்; துயரத்தை எழுப்பும்; வீட்டையும் மக்களையும் நினைக்கச் செய்யும்; வீரத்தின் முடிச்சை அவிழ்த்துவிடும். ஒரே இசை ஓரிடத்தில் ஆகும், மற்றோரிடத்தில் ஆகாது என்று, ஓசை உள்ளத்தில் செய்யும் வேலையைக் கொண்டே தீர்ப்புச் சொன்ன நுட்பம் வியக்கத்தக்கது.

நகரா என்னும் சொல்

முஸ்லிம் அரசுகளின் படைகளில் தலைமை பெற்ற தோற்கருவி நகரா. ‘நக்காரா’ என்னும் அரபுச் சொல்லே தமிழில் நகரா ஆயிற்று. ‘தட்டுதல்’ என்னும் பொருள் தரும் ‘நகர’ என்ற வினையடியிலிருந்து அது பிறந்தது. திருக்குர்ஆனின் 74ஆம் அத்தியாயமாகிய அல்முத்தஸ்ஸிரில், மறுமை நாளின் எக்காளத்தைக் குறிக்க வரும் ‘நாக்கூர்’ என்ற சொல்லும் இதே வேரினது. இத்தொடர்பைப் பின்னர் நினைவுகூர வேண்டியிருக்கும்.

நகராவின் உடல் செம்பாலோ மண்ணாலோ மரத்தாலோ ஆன குடம். வாய் அகன்று, அடி குறுகியிருக்கும். வாயில் தோலை இழுத்துக் கட்டுவர். பெரும்பாலும் இணையாக அமையும். பெரியது ஆழ்ந்து அதிரும், சிறியது எடுத்து ஒலிக்கும். இரு ஓசைகளை மாற்றி மாற்றி அடுக்கினால் பல அடையாளங்கள் பிறக்கும். இவ்விணையை யானைமீதும் ஒட்டகத்தின்மீதும் குதிரைமீதும் ஏற்றிப் படையோடு கொண்டு சென்றனர். அக்பரின் நகராகானாவில் இருந்த கருவிகளை அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் கணக்கிடுகிறார்: தமாமா என்னும் பெருமுரசு ஏறத்தாழ 18 இணை, நகரா ஏறத்தாழ 20 இணை, இவற்றோடு கர்னா, சுர்னா, நஃபீர் முதலிய ஊதுகருவிகளும் சாஞ்ச் என்னும் தாளமும் இருந்தன.

இவ்வொலி மேற்கையும் விட்டுவைக்கவில்லை. 1249இல் பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயி எகிப்தின் தமியாத்தில் இறங்கியபோது உடனிருந்த ஜுவான்வீல், முஸ்லிம் படையின் நகரா, கொம்பு ஆகியவற்றின் முழக்கம் கேட்கவே அச்சமூட்டியது என்று எழுதி வைத்தார். நகரா என்ற சொல்லையே ஐரோப்பியர் தம் மொழிகளில் சிதைத்து வழங்கினர். பின்னர் உதுமானியரின் மெஹ்தர் இசைக்குழுவிடமிருந்து பெரிய பறையையும் தாளத்தையும் தம் படைகளுக்கு எடுத்துக்கொண்டனர். 1826இல் ஜானிஸரிப் படை கலைக்கப்பட்டபோது மெஹ்தரும் நின்றுபோயிற்று. ஆனால் அதன் சாயல் இன்றும் உலகத்துப் படை அணிவகுப்புகளில் கேட்கிறது.

கொங்குப் பாதையில்

நமது நாட்டுக்குத் திரும்புவோம். மேற்கு மலைத்தொடர் இடைவெளி விட்டு நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் இருப்பது கொங்கு நாடு. ஆதலின் மைசூர்ப் படையும் ஆங்கிலக் கும்பினிப் படையும் மாறி மாறி நடந்த பாதை இது. 1768இல் கோயம்புத்தூரைக் கும்பினியார் பிடித்தனர். ஹைதர் அலி அதை மீட்டார். 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லார்ட்டன் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் கைப்பற்றினார்; 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் அவை மைசூருக்குத் திரும்பின. 1790இல் ஜெனரல் மெடோஸ் மீண்டும் கோயம்புத்தூரில் நுழைந்தார். 1791 நவம்பரில் திப்பு சுல்தானின் தளபதி கமருத்தீன் கான் அக்கோட்டையை முற்றுகையிட்டுப் பணியவைத்தார். இருபத்து மூன்று ஆண்டுகளில் இத்தனை முறை கைமாறிய ஊரில், உழவனும் நெசவாளனும் எத்தனை கொட்டுகளைக் கேட்டு நடுங்கியிருப்பர்!

கும்பினிப் படையில் பறையும் சிறுகுழலும் காலை எழுவது முதல் இரவு பாசறை திரும்புவது வரை நாளையே ஆண்டன. மைசூர்ப் படையை நடத்தத் திப்பு சுல்தானின் ஆணைப்படி ஜைனுல் ஆபிதீன் ஷூஸ்தரி என்பார் ‘ஃபத்ஹுல் முஜாஹிதீன்’ என்னும் நூலைப் பாரசீகத்தில் தொகுத்தார். ஐரோப்பிய முறைப் பயிற்சியை ஏற்றுக்கொண்ட சுல்தான், அதன் ஆணைச் சொற்களைப் பாரசீகத்தில் அமைத்துக்கொண்டார். படை எம்மொழியில் அசைகிறதோ அம்மொழியே அதன் உரிமையின் அடையாளம் என்று அவர் உணர்ந்திருந்தார் போலும். குதிரைவீரன் எனப் பொருள்படும் இராவுத்தர் என்ற பெயரை இன்றும் தாங்கி நிற்கும் நம் கொங்குக் குடும்பங்களுக்கு இவ்வரலாறு தொலைவானதன்று.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கொங்கு நாடு கும்பினி வசமாயிற்று. மறு ஆண்டே கோயம்புத்தூர்க் கோட்டையைத் தாக்கக் கிளர்ச்சியாளர் திட்டமிட்டனர். அவர்கள் குறித்த நாள் 1800 ஜூன் 3. அது முகர்ரம் நாள்களின் முடிவு. கோட்டையிலிருந்த முஸ்லிம் சிப்பாய்கள் அந்நிகழ்ச்சிகளில் ஈடுபட்டிருப்பர் என்பது அவர்கள் கணக்கு. முகம்மது ஹாஷம் என்பார் அதில் முன்னின்றவர்களுள் ஒருவர். திட்டம் முன்பே வெளிப்பட்டுவிட்டது. 42 பேர் தூக்கிலிடப்பட்டனர். வரலாற்றறிஞர் கே. ராஜய்யன் தென்னிந்தியக் கிளர்ச்சி பற்றி 1971இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். இந்துவும் முஸ்லிமும் ஒரே அணியில் நின்ற அப்போரின் முரசு, அடிக்கப்படாமலேயே அடங்கிற்று. 1805இல் தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டதோடு கொங்கு நாட்டில் போர்க்கொட்டு முற்றும் ஓய்ந்தது.

ஓய்ந்த முரசு தங்கிய இடம்

போர் ஓய்ந்தாலும் நகரா ஓயவில்லை. கோயில்களில் காளையின் முதுகில் ஏறித் திருவிழா ஊர்வலத்தின் முன்னே சென்றது. தர்காக்களில் கந்தூரி நாள்களில் முழங்கியது. தமிழகத்துப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஒலிபெருக்கி வருமுன் தொழுகை நேரத்தை ஊருக்கு உணர்த்தியது. பிறை கண்ட செய்தியைப் பரப்பியது. ரமளான் இரவுகளில் ஸஹருக்கு மக்களை எழுப்பியது. படையைக் கொல்ல எழுப்பிய அதே கருவி, நோன்பாளியை உண்ண எழுப்பிற்று.

இது பொருத்தமா என்று கேட்போர் உண்டு. பாங்கின் இடத்தைப் பறை ஒருபோதும் பெறாது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹனஃபி மத்ஹபின் சட்ட மேதைகள் இதனை ஆராயாமல் விடவில்லை. நம் மதரஸாக்களில் நன்கறியப்பட்ட ‘துர்ருல் முக்தார்’ நூலின் ஆசிரியர் இமாம் ஹஸ்கஃபீ (ரஹ்) (மறைவு 1677), அரண்மனை வாயிலில் வேளைதோறும் முழங்கும் நவுபத்தைப் பற்றிப் பேசுகிறார். பெருமைக்காக முழங்கினால் அது ஆகாது. விழிப்பூட்ட முழங்கினால் குற்றமில்லை என்பது அவர் தீர்ப்பு. அஸருக்குப் பின்னும், இஷாவுக்குப் பின்னும், நள்ளிரவு கடந்த பின்னும் அடிக்கும் மூன்று முழக்கங்கள், ஸூர் எக்காளத்தின் மூன்று ஊதல்களாகிய திடுக்கம், மரணம், மீண்டெழுதல் ஆகியவற்றை நினைவூட்டலாம் என்றும் காட்டுகிறார். நகராவுக்கும் நாக்கூருக்கும் உள்ள வேர் உறவை முன்னர்க் கண்டோம். சொல்லில் இருந்த உறவு இங்கே பொருளிலும் வெளிப்படுகிறது. அந்நூலுக்கு விரிவுரை எழுதிய டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) (1784–1836), ரமளானில் உறங்குவோரை ஸஹருக்கு எழுப்பும் பறையும் இவ்வகையில் சேரத்தக்கதே என்கிறார். திப்பு சுல்தானின் போர்கள் நடந்த காலத்தில் பிறந்து, கொங்கு நாட்டுப் போர்க்கொட்டு அடங்கிய காலத்தில் வாழ்ந்தவர் அவர் என்பதை நினைக்கையில் நம் உள்ளம் சிலிர்க்கிறது.

ஆகவே கருவி ஒன்றே. அதை அடிக்கும் கையின் எண்ணமே அதன் தீர்ப்பு. முரசின் ஆற்றல் இப்னு கல்தூன் சொன்ன அந்த மயக்கத்தில் உள்ளது. அதன் ஆபத்தும் அங்கேதான் உள்ளது. ‘எதற்காக?’ என்று கேட்கும் அறிவைக் கொட்டு முழக்கம் உறங்கச் செய்யும். அதனால்தான் தமிழ் மன்னன் வீரமுரசின் அருகே நியாயமுரசை வைத்தான். நம் மேதைகள் பெருமைக்கும் விழிப்புக்கும் இடையே கோடு கிழித்தனர். இக்காலத்திலும் மக்களைத் திரட்டும் முழக்கங்கள் பல வடிவங்களில் எழுகின்றன. அவை நம்மை உறங்கச் செய்கின்றனவா, விழிக்கச் செய்கின்றனவா என்று நிறுத்துப் பார்க்கும் கடமை கேட்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஒலிபெருக்கி வந்தபின் பழைய நகராக்கள் பல, தோல் கிழிந்து, குடம் நசுங்கி, மூலையில் கிடக்கின்றன. சில செம்பு விலைக்குப் போய்விட்டன. உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் அத்தகைய நகரா ஒன்று இருந்தால், அதைத் துடைத்து எடுத்து வையுங்கள். அதை அளித்தவர் யார், எந்நாளில் எவ்வாறு அடித்தனர் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவ்வடியின் முறை அறிந்த முதிய மோதினார்கள் நம்மிடையே இருக்கும்போதே இது நடைபெற வேண்டும். போரில் பிறந்து, நோன்பில் தங்கிய ஒரு வரலாறு நம் கையில் இருக்கிறது. அதை அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பது நம் பொறுப்பு.