பழைய பாதிப்பும் புதிய அறிகுறியும்: பக்கவாதத்தை அறிந்த வரலாறு

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ உண்டாகும் பக்கவாதம், கடுமையாக வந்தால் தீராதது என்றே பண்டைய கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் மரபின் மருத்துவர்கள் கருதினர். 1658-இல் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாகோப் வெப்ஃபர், இறந்தோரின் உடல்களை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை நூலாக வெளியிட்டார்; எனினும் காரணம் தெரிந்த பின்னரும் சிகிச்சை இல்லாததால், அறிகுறியை விரைந்து கண்டறிவதால் நோயாளிக்குப் பெரும்பயன் விளையவில்லை.

1951-இல் கனடாவின் மில்லர் ஃபிஷர், சில நிமிடங்கள் ஒரு கண் இருண்டு பின் தெளிவது, கழுத்துத் தமனி அடைப்பால் வரவிருக்கும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாகலாம் எனக் காட்டினார். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், அடைப்பையும் கசிவையும் உயிருள்ளபோதே பிரித்தறிய வழி திறந்தது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து, அறிகுறி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் செலுத்தப்பட்டால் பயன் தரும் என்பதை 1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு மெய்ப்பித்தது. அதுமுதல், நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரம் எது என்பது மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்றாயிற்று.

முகம் கோணுதல், கை துவளுதல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றையும் பார்க்கும் எளிய சோதனை 1990-களில் உருவானது. ஆனால் ஏற்கெனவே பக்கவாதம் கண்ட முதியவரிடம் இம்மூன்றும் பழைய பாதிப்பாகவே எஞ்சியிருக்கலாம் என்பதால், அவரிடம் பார்க்க வேண்டியது குறை உண்டா என்பதையன்று, நேற்று இல்லாத குறை இன்று திடீரெனத் தோன்றியுள்ளதா என்பதையே: கோலூன்றி நடந்தவர் ஒரு பக்கமாகச் சாய்வதும், பழகிய சொல் வாயில் வராமல் திணறுவதும், என்றுமில்லாத தலைவலியும், பார்வை இரட்டையாகத் தெரிவதும் அத்தகையவை. எனினும் புதிய பக்கவாதம் இன்றியே காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ பழைய பலவீனத்தை மீண்டும் வெளிப்படுத்துவதுண்டு. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் விவரித்தபடி, வலிப்புக்குப் பின் தற்காலிகமாகக் கை கால் செயலிழப்பதும் உண்டு. இவற்றுள் எது நேர்ந்தது என்பதை வீட்டிலிருந்தபடியே தீர்மானிக்க இயலாது.

ஆதலால் உடனிருப்போர், முதியவரின் அன்றாட நடையையும் பேச்சையும் மனத்தில் பதித்துக்கொண்டு, மாற்றம் தென்பட்டவுடன், அது தானே மறைந்துவிட்டாலும்கூட, நேரத்தைக் குறித்துவைத்து 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தாமாக ஆஸ்பிரின் கொடுத்துக் காத்திருத்தல் கூடாது, ஏனெனில் கசிவாக இருந்தால் அம்மருந்தே தீங்காகும்.